அம்மை இறங்கிய பிறகும் கவனியுங்கள்



வெயில் ஏறும் மாதங்களில் தூத்துக்குடி வட்டாரத்தில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவது நாம் அறிந்ததே. பெரும்பாலோருக்குப் பத்து நாளில் குணமாகிவிடும். அரிதாகச் சிலருக்கு நரம்பு மண்டலத்தையும் தாக்கும்.

கொப்புளம் காய்ந்து நாம் நிம்மதியடையும் நேரத்தில்கூட, பிள்ளை நடக்கையில் தள்ளாடலாம், பேச்சு குழறலாம். சிறுமூளை பாதிக்கப்பட்டதன் அடையாளம் இது. சுமார் 4,000 பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்பது மருத்துவக் கணக்கு. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். ஆனாலும் ‘அம்மை கண்ட அசதி’ என்று வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடும் தலைவலி, ஓயாத வாந்தி, வலிப்பு, நினைவு தடுமாற்றம் இருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். அது மூளையையும் கல்லீரலையும் கெடுக்கும் ‘ரேய்’ நோய்க்கு வழிவிடும். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும்.

இதற்கு இரண்டு தவணைத் தடுப்பூசி உண்டு. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை என்பதால், குழந்தை நல மருத்துவரிடம் நாம்தான் கேட்டுப் போட வேண்டும்.

துஆ செய்வோம், மருந்தும் செய்வோம். இரண்டும் நபிவழியே.