கடைச் சால்னாவும் வீட்டுச் சட்டியும்: கரிசல் மாணவர்களின் நாக்கு குறித்துச் சில குறிப்புகள்

கடை ருசியை வீட்டில் வரவழைப்பது என்பது நம்மிடையே எப்போதும் ஒரு கைப்பக்குவப் பிரச்சினையாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. வாரப் பத்திரிகைகளோடு வரும் சமையல் இணைப்புகள் இதற்கென்றே ஒரு மொழியை உருவாக்கி வைத்திருக்கின்றன. ‘ஓட்டல் சாம்பார் இனி உங்கள் வீட்டிலேயே’ என்கிற மாதிரி. ஒரு சிட்டிகை சோடா உப்பு, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, எண்ணெய் மட்டும் தாராளமாக. எல்லாம் போட்டு இறக்கியபின், சாப்பிடுகிறவன் சொல்லும் வாக்கியம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா கடையில சாப்ட்ட மாதிரி இல்ல.” இந்த ‘மாதிரி இல்ல’ என்பதற்குள் இல்லாமல் போவது எது என்பதே இங்கு நம் கேள்வி. மசாலா என்று பதில் சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். அப்படி முடியாது என்று நினைப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பேச்சை கோவில்பட்டியோடும் அதைச் சுற்றிய கரிசல் காட்டோடும் நிறுத்திக்கொள்ளலாம். எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, கயத்தாறு என்று நாலு திக்கிலிருந்தும் பையன்களும் பிள்ளைகளும் பஸ் ஏறிப் படிக்க வருகிற ஊர் அது. மில்லும் தீப்பெட்டி ஆபீசும் ஒரு பக்கம், கல்லூரிகள் ஒரு பக்கம். 1960களில் கலைக்கல்லூரி, 1984இல் பொறியியல் கல்லூரி என்று வந்தபிறகு, தெருவுக்கு நாலு வீட்டில் மாடி ரூம்கள் வாடகைக்கு விடப்பட்டன. ரூமுக்கு மூன்று பேர், ஒரு திரி ஸ்டவ், ஒரு ஈயச் சட்டி. கடையில் தின்பதும், காசு தீர்ந்த மாதக் கடைசியில் தின்றதை நினைத்துக்கொண்டு சட்டியில் கிண்டுவதுமாக ஒரு தலைமுறையே படித்து முடித்திருக்கிறது.

இந்த நாக்குக்குக் கடை என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால், வீடு என்னவாக இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். வானம் பார்த்த பூமியில் வீட்டுச் சாப்பாடு என்றால் கம்பங்கஞ்சி, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு. வெஞ்சனத்துக்குக் கானத்துவையல், சீனியவரை வத்தல், மிதுக்கவத்தல், வாய்த்தால் கருவாடு. நெல்லுச்சோறு என்பது விசேஷம். இட்லி, தோசை தீபாவளி, பொங்கலுக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இட்லிக்கு உயிரான உளுந்து விளைவது இந்தக் கரிசலில்தான். விளைந்தது மூடைகட்டிக் கமிஷன் கடைக்குப் போய், தொலி நீங்கி, பட்டணத்து ஓட்டல்களில் வெள்ளை வெளேரென்று இட்லியாகிவிடும். விளைவித்தவன் அதைத் தின்ன வருஷத்துக்கு இரண்டு நாள், அல்லது கோர்ட்டு கச்சேரி என்று டவுனுக்குப் போகும்போது ‘கிளப்புக் கடை’யில். பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுதிய உலகத்தில் சாப்பாடு இவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்வதை ‘மண்வாசனை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது நம் விமர்சனம். அது மண்வாசனை அல்ல, பசியின் பொருளாதாரம்.

பூர்தியு தன் 1979ஆம் வருஷத்து நூலில் ருசியை வர்க்கத்தோடு சேர்த்துப் பார்த்தார். இல்லாதவன் தன் இல்லாமையையே தனக்குப் பிடித்ததாக மாற்றிக்கொள்கிறான், அது ‘அவசியத்தின் ருசி’ என்பது அவர் வாதம். கரிசலுக்கு இது பாதிதான் பொருந்துகிறது. ஏனென்றால் இங்கு வர்க்கத்துக்கு முன்னால் சாதி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ‘வீட்டுச் சாப்பாடு’ என்று பொதுவாக ஒன்று நம்மிடம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுச் சாப்பாடும் ஒரு தெருவின் சாப்பாடு. யார் கையால், யார் பாத்திரத்தில், யாருக்கு எத்தனை அடி தள்ளி என்கிற இலக்கணம் இல்லாமல் சோறு இல்லை. ஓட்டல் என்கிற நிறுவனம் வந்து இந்த இலக்கணத்தைக் கலைத்தது என்று சொன்னால் அதுவும் அரை உண்மை. ‘பிராமணாள்’ போர்டை எடுக்கச் சொல்லி 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு அங்கே நுழையத் தடை கூடாது என்கிறது. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைச் சட்டம், உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறது. ஒரு தேசம் தம்ளரைப் பற்றிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். அப்படியும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. எறிந்துவிடுகிற கப்பு வந்தபிறகு, ஒரு தெருக்காரர்களுக்குக் கண்ணாடித் தம்ளர், இன்னொரு தெருக்காரர்களுக்கு மட்டும் அந்தக் கப்பு என்று பழைய வழக்கம் நாகரிகமான வேஷம் கட்டியதையும் பார்த்தாயிற்று.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி வரும் ஒரு தலித் மாணவன் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் உட்காருகிறான். “எத்தனை?” என்று கேட்கிறார்கள். “யார் வீட்டுப் பையன்?” என்று கேட்கவில்லை. அதே பெஞ்சு, அதே இலை, அதே தம்ளர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாரென்று இவனுக்கும் தெரியாது, இவன் யாரென்று அவனுக்கும் தெரியாது. அந்த அரைமணி நேரத்துக்கு இவன் வெறும் ‘ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்’. நாக்கில் ஒட்டிக்கொள்வது சால்னா மட்டும்தானா? ருசி என்று நாம் சொல்வதில், கேட்கப்படாமல் இருந்த அந்தக் கேள்வியும் கரைந்திருக்கிறது என்பது என் எண்ணம். ரூமுக்கு வந்து சட்டியில் கிண்டும்போது வராமல் போவது இதுதான் என்றால், சோம்பைக் கூட்டிப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் மசாலாவை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் கூடாது. தத்துவம் பேசுகிறவர்கள் அடுப்படிக்குள் போகாததால் வந்த வினை நம் விமர்சனத்தில் நிறைய. பரோட்டாவையே எடுத்துக்கொள்ளலாம். மைதாவில் இருக்கும் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்கிற வலையாகின்றன. பிசையப் பிசைய அந்த வலை இறுகும், ஊற ஊறத் தளரும். கடையில் காலையிலேயே பிசைந்து, உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி மூடி மணிக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் சாயங்காலம் மாஸ்டர் வீசும்போது அது கிழியாமல் வேட்டித்துணி மாதிரி விரிகிறது. வீட்டில் பசியெடுத்தபிறகு பிசைந்து பத்தாவது நிமிஷம் விரித்தால் ரப்பர் மாதிரிச் சுருண்டுகொள்ளும். அடுத்தது கல். கடைக்கல் அரை அங்குலத்துக்கு மேல் கனமான இரும்பு. பத்துப் பரோட்டாவை ஒருசேரப் போட்டாலும் அதன் சூடு இறங்காது. வீட்டுத் தோசைக்கல்லில் இரண்டாவது விழுந்ததுமே சூடு செத்துவிடும், பரோட்டா வேகாமல் காயும். கடைசியில், வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் நொறுக்குகிற அந்த அடி. ஏடுகள் பிரிவது அதில்தான். சூட்டில் கை காய்த்துப்போனவனுக்கு மட்டுமே அது முடியும். ஆக, ‘கடை ருசி’ என்பதற்குள் காலையிலிருந்து ஒரு ஆளின் நேரமும், மரத்துப்போன உள்ளங்கையும் இருக்கின்றன. தின்கிறவன் கண்ணுக்கு முன்னாலேயே மாஸ்டர் நின்று வீசினாலும், ருசியைப் பற்றிப் பேசும்போது அவர் கை பேச்சில் வருவதில்லை. பண்டம் தன் உழைப்பை மறைத்துக்கொள்ளும் என்று மார்க்ஸ் சொன்னதற்கு, மறைக்காமல் நடுத்தெருவில் வைத்தே மறைக்கலாம் என்று பரோட்டாக் கல் ஒரு திருத்தம் போடுகிறது.

சால்னா இன்னும் சுவாரசியமானது. எலும்பும் கொழுப்பும் ஒரு அண்டாவில் பகல் முழுக்கச் சிறுதீயில் கிடக்கும். வெங்காயம், தக்காளி, பட்டை, கல்பாசி, சோம்பு, அரைத்த தேங்காய், கெட்டிப்படப் பொட்டுக்கடலை. சாயங்காலம் ஆக ஆக அதன் மேலே எண்ணெய் ஏடு கட்டி நிற்கும். அளவுதான் அதன் ருசி. ஐம்பது பேருக்குக் கொதிப்பது ஐந்து பேருக்குக் கொதிப்பதைவிட மெதுவாகச் சுண்டி, மெதுவாக ஆறி, வேறொன்றாக ஆகிவிடுகிறது. கடையில் பரோட்டாவுக்குத்தான் காசு, சால்னா சும்மா. “அண்ணே, கொஞ்சம் சால்னா” என்று எத்தனை தடவை கேட்டாலும் வாளி வரும். மாணவனின் கணக்கே இதன் மேல்தான் நிற்கிறது: இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, சால்னாவில் மிதக்கவிட்டு, வயிறு நிறைந்தது என்று எழுந்துகொள்வது. இதையே ரூமில் செய்யப் போனால் கணக்குத் தலைகீழாகிறது. மைதா மலிவு. தேங்காய், எண்ணெய், எலும்பு, மசாலா என்று காசைத் தின்பதெல்லாம் சால்னா. கடையில் இலவசமாகக் கிடைத்தது வீட்டில் ஆடம்பரமாகிவிடுகிறது. பையன்கள் கடைசியில் பார்சல் சால்னா மட்டும் கேட்டு வாங்கி வந்து, ரூமில் சோறு வடித்து ஊற்றிக்கொண்டதற்குப் பின்னால் இந்த அரசியல் பொருளாதாரம்தான் இருக்கிறது.

மைதா எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். 1954ஆம் வருஷத்து பி.எல்.480 சட்டத்தின் கீழ் 1960களில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய அமெரிக்கக் கோதுமை, கம்பும் சோளமும் தின்ற ஊர்களின் நாக்கை மாற்றியதில் பங்கு வகித்தது என்றே நினைக்கிறேன்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். இதுவரை ‘மாணவன்’ என்றே எழுதிக்கொண்டு வந்ததை நண்பர்கள் கவனித்திருக்கலாம். அது எழுத்தின் பழக்கதோஷம் மட்டுமல்ல, கடைப் பெஞ்சின் யதார்த்தமும்கூட. 90களில் இந்தப் பக்கத்துப் பரோட்டாக் கடையில் ஒரு கல்லூரி மாணவி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள் என்றால் அது செய்தி. அவளுக்குக் கடை என்பது அண்ணனோ தம்பியோ நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவரும் பொட்டலம். ஆறிப்போன பரோட்டா, சரடு கட்டிய கவரில் சால்னா. அதைத் தின்றுபார்த்துவிட்டு, இதில் என்ன போட்டிருப்பான் என்று நாக்கால் பிரித்து, மறு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் வைத்துப் பார்த்தவள் அவள்தான். பூத்ரியார், மூலம் இல்லாத நகல்கள் பெருகிவிட்ட காலம் என்று பேசினார். கரிசல் வீட்டு அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு மூலம் இருந்தது, இரண்டு தெரு தள்ளிச் சூடாகவே இருந்தது. அங்கே போக அனுமதிதான் இல்லை. ஆக நகல் என்பது பையனுக்கு ஞாபகம், பெண்ணுக்குப் போகாத இடத்துக்குப் போகிற ஒரே வழி. “கடையில சாப்ட்ட மாதிரி இல்ல” என்று அண்ணன்காரன் சொல்லும்போது, அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவோ மறுக்கவோ அவளிடம் ஆதாரம் கிடையாது. 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடி குழு’ படத்தின் பரோட்டாப் போட்டிக்கு ஊரே சிரித்தது. கணக்கில்லாமல் தின்னும் உடம்பு ஆண் உடம்பாக இருந்ததால்தான் அது காமெடி.

சமையல் எழுத்திலும் இந்தப் பிரிவினை உண்டு. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) அம்மாவை விட்டுத் தள்ளிப்போன இளம் மனைவிமார்களுக்கு அளவு சொல்லிக்கொடுத்தது. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரையில், நடுத்தர வர்க்கத்தின் ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் ஒரு ‘தேசிய’ உணவையே கட்டமைத்ததைக் காட்டுகிறார். பரோட்டா மாஸ்டர்கள் புத்தகம் எழுதவில்லை. அவர்களுடைய அறிவு கையிலிருந்து கைக்குப் போகிறது, சின்ன வயசிலேயே தட்டுக் கழுவ வந்து சேர்ந்த பையனுக்கு.

இன்னொரு திசையும் இருக்கிறது. வாடகை ரூம்களில் பலவற்றில் முதல் நிபந்தனையே “கவிச்சி சமைக்கக் கூடாது” என்பது. சில இடங்களில் அது சைவம் பற்றிய நிபந்தனை, பல இடங்களில் சாதியை நேராகக் கேட்காமல் கேட்கும் முறை. இப்படி வந்து மாட்டிக்கொண்டவன் வீட்டு ருசியைத் தேடித்தான் கடைக்குப் போக வேண்டும். ஊரில் ஆத்தா வைக்கும் குழம்பின் சாயலை முனியாண்டி விலாஸில் தேடுகிறான். அந்த விலாஸ்களின் கதையே வறண்ட பூமியின் கதைதான். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியிலிருந்து, விவசாயத்தை நம்ப முடியாமல் கிளம்பிய நாயுடு, ரெட்டியார் குடும்பங்கள் ஊர் ஊராகப் போய்த் திறந்த கடைகள் அவை. குலசாமி பெயரை போர்டில் எழுதினார்கள். இன்றைக்கும் வருஷாவருஷம் ஊருக்குத் திரும்பிக் கோயிலில் பிரியாணி சமைத்துப் பந்தி போடுகிறார்கள். வீட்டுக் குழம்பு கடையாகி, கடைச் சமையல் பிரசாதமாகிறது. எது மூலம், எது நகல் என்று இங்கே கோடு கிழிக்க யாருக்கும் முடியாது.

கோடு கிழிக்க அரசாங்கத்துக்கு மட்டும் முடிகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, ‘டக்’கென்று உடைகிற பதம் பார்த்து வீட்டில் செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் யாரும் இனி அதை அந்தப் பெயரில் விற்க முடியாது, அவ்வளவுதான்.

இப்போது நாலுவழிச் சாலையில் காரை நிறுத்தினால் கம்பங்கூழ் கிடைக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு குதிரைவாலிப் பொங்கலும் கம்புத் தோசையும் ஏ.சி. ஓட்டல் மெனுவில் ஏறிவிட்டன. ‘வீட்டு முறைச் சமையல்’ என்று போர்டு வேறு. எந்த வீடு என்று போர்டில் எழுதியிருப்பதில்லை. கம்மங்கஞ்சியை டப்பாவில் கொண்டுவரக் கூச்சப்பட்டு, காலையில் சாப்பிடாமலே கிளாசுக்கு வந்த பிள்ளைகள் படித்த அதே ஊரில்தான் இது. அதே எட்டயபுரம் பக்கம்தான் 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்தப் பந்தியில் பிள்ளைகளை யார் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பதில் ஆரம்பித்த தகராறு, சமைக்கும் பெண் எந்தத் தெரு என்பதில் இன்னும் முடியவில்லை.