‘டு’வா? ‘இங்’கா?

ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வரும்போது ‘டு’ சேர்ப்பதா, ‘இங்’ சேர்ப்பதா? ஆங்கில வகுப்பில் நம்மிற் பலரை அலைக்கழிக்கும் வினா இது. ‘ஐ வான்ட் டு ரீட்’ சரி. ‘ஐ என்ஜாய் டு ரீட்’ பிழை. ‘ஐ என்ஜாய் ரீடிங்’ என்றே வர வேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்வதே வழி என்பர். தமிழ் வழியில் படித்து வந்த நானோ, நம் இலக்கணமே இதற்குப் பாதி விடை தருகிறது என்பேன்.

‘இங்’ வடிவத்தை ஜெரண்ட் என்பர். அது நம் தொழிற்பெயரே. படித்தல், திருடுதல் எனச் செயலை ஒரு பொருளாக்கி நம் முன் நிறுத்துகிறது. முன்னே நிற்பதைத்தானே ரசிக்கவும் தவிர்க்கவும் ஒப்புக்கொள்ளவும் இயலும்? எனவே என்ஜாய், அவாய்ட், அட்மிட் ஆகியவை ‘இங்’கை ஏற்கின்றன. தமிழிலும் ‘படிப்பதை ரசித்தான்’, ‘திருடியதை ஒப்புக்கொண்டான்’ என்று இரண்டாம் வேற்றுமை உருபு கொடுத்தே சொல்கிறோம்.

‘டு’ சேர்ந்து வருவது இன்ஃபினிட்டிவ். பழைய ஆங்கிலத்தில் ‘டு’ என்பது ஒன்றை நோக்கிச் செல்வதைக் குறித்த சொல். நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’வைப் போன்றது. அவ்வேற்றுமையின் பொருள்களுள் ‘பொருட்டு’ என்பதையும் நன்னூல் வைத்துள்ளது. ஆகவே, இன்னும் நிகழாத செயலை நோக்கும் வான்ட், டிசைட், ரெஃப்யூஸ் முதலியன ‘டு’வை நாடுகின்றன. படிக்க விரும்பினான், போக முடிவு செய்தான், வர மறுத்தான்: எல்லாம் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சங்கள்!

இரண்டையும் ஏற்கும் வினைகளில்தான் விழிப்பு வேண்டும். ‘ஐ ரிமெம்பர் பேயிங் த ஃபீஸ்’ என்றால் கட்டணம் கட்டியது நினைவிருக்கிறது, பணம் போய்விட்டது. ‘ரிமெம்பர் டு பே த ஃபீஸ்’ என்றால் கட்ட மறவாதே. பணம் இன்னும் சட்டைப்பையில்! ‘ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டான். ‘ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்’ என்றால் புகைப்பதற்காக நின்றான். முன்னவனைப் பாராட்டலாம், பின்னவனுக்குப் பாராட்டு விழா எடுத்தால் நகைப்பர்.

மீதிப் பாதிக்குப் பயிற்சியே துணை. ‘படித்து முடித்தேன்’ என்று நாம் சொல்வது, ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ்டு ரீடிங்’ ஆகும். ‘சஜஸ்ட்’ இனி நடப்பதைப் பேசினும் ‘இங்’கையே கேட்கும். வேலைக்கு விண்ணப்பிப்போர் பலர் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர்’ என்று முடிக்கின்றனர். ‘டு ஹியரிங்’ என்பதே சரி. அங்கே ‘டு’ வெறும் உருபு. அதன்பின் பெயர்தான் வரவேண்டும், தொழிற்பெயரும் பெயர்தானே!

தமிழ் வழியில் வந்தோம், ஆங்கிலம் நமக்கு எட்டாது என்று நெஞ்சம் தளரும் நண்பர்களே! ஐயம் எழுந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘செய்வதை’ என்று வருகிறதா, ‘செய்ய’ என்று வருகிறதா எனக் கேளுங்கள். பள்ளியில் கற்ற தொழிற்பெயரும் வினையெச்சமும் நமக்குச் சுமையல்ல. ஆங்கிலக் கதவைத் திறக்கும் சாவிகளுள் அவையும் உண்டு.