உழவு இயந்திரத்தில் நீலப் புகை: தேய்ந்த வால்வு சீல்களை அறிதலும் மாற்றுதலும்

காலையில் உழவு இயந்திரத்தை இயக்கியதும் நீலப் புகை எழுந்து, சிறிது நேரத்தில் அடங்கிவிடுவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம் இது. இதைக் கண்டவுடன் எஞ்சின் முழுவதையும் பிரித்துப் பழுதுபார்க்க முற்படுதல் வீண் செலவாக முடியலாம். குற்றம் ஒரு சிறு றப்பர் உறுப்பில் மட்டுமே இருத்தல் கூடும்.

சீலின் தொழில்

சிலிண்டர்த் தலையில் வால்வின் தண்டு ஒரு குழலினூடே மேலுங் கீழும் ஓடுகின்றது. அக்குழலின் மேல் தொப்பிபோல் அமைந்திருப்பதே வால்வு சீல். தண்டில் படியும் எண்ணெய் அளவுக்கு மிஞ்சிக் கீழிறங்காது இது தடுக்கின்றது. சில எஞ்சின்களில் காற்றை உள்ளெடுக்கும் வால்வுகளுக்கு மட்டுமே சீல் உண்டு. வெப்பத்தினால் றப்பர் நாளடைவில் இறுகி வெடிக்கும். அப்போது, எஞ்சின் ஓய்ந்திருக்கையில் எண்ணெய் கசிந்து சிலிண்டரினுள் இறங்கும்.

அறியும் வகை

1. முதலில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. எஞ்சினிலோ காற்று வடிகட்டியின் எண்ணெய்க் கிண்ணத்திலோ குறிக்கு மேல் எண்ணெய் இருப்பினும் நீலப் புகை வரும்.

2. இயக்கியவுடனும், நெடுநேரம் மெதுவாக ஓடவிட்டு வேகத்தைக் கூட்டும்போதும் மட்டும் புகை தோன்றி மறையுமாயின், சீல்கள் தேய்ந்தனவெனக் கருதலாம்.

3. உழும்போது இடைவிடாது புகைந்து, எண்ணெய் ஊற்றும் வாயிலும் புகை வீசி, வலுவுங் குறையுமாயின், பிஸ்டன் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்திருக்கும். சீலை மாற்றுவதால் இது தீராது.

மாற்றும் முறை

இவ்வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டே செய்விக்க. எஞ்சின் ஆறியபின் மேல்மூடியையும் வால்வுகளை அழுத்தும் நெம்புகோல்களையும் கழற்றுக. வேலை செய்யும் சிலிண்டரின் பிஸ்டனை மேலெல்லைக்குக் கொணர்க. அன்றேல் வால்வு உள்ளே விழ, சிலிண்டர்த் தலையையே கழற்ற நேரிடும். எண்ணெய் வடியும் துவாரங்களைத் துணியால் அடைக்க. சுருள்வில்லை அழுத்தி, இரு சிறு பூட்டுத் துண்டுகளை எடுத்து, பழைய சீலை நீக்குக.

இப்பொழுது தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. மிகுதியாக ஆடுமாயின் குழலும் தேய்ந்துள்ளது. புதுச் சீலும் நெடுநாள் நில்லாது. ஆட்டமில்லையெனில், புதுச் சீலுக்கு எண்ணெய் தடவி நேராகப் பொருத்துக. அடைத்த துணிகளை மறவாது எடுத்துவிட்டு, வால்வு இடைவெளியைக் கைந்நூலில் உள்ளவாறு சரிப்படுத்துக.

ஊற்றும் எண்ணெயின் அளவை ஒரு கொப்பியிற் குறித்து வருக. எண்ணெய் வற்றிய எஞ்சின் உழவின் நடுவில் இறுகி நின்றுவிடும். ஆதலின், பெரும்போக உழவு தொடங்குமுன்பே இக்குறையைத் தீர்த்துக்கொள்க.