ரயிலேறும் லாரிகள்

மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் கோலாட் என்னும் சிறிய ரயில் நிலையம் உள்ளது. சரக்கு நிரம்பிய லாரிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்தளத்தில் ஏறி, தட்டையான ரயில் பெட்டிகளின் மீது நிற்கின்றன. எடையும் உயரமும் முன்னரே அளக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் தமது லாரியிலேயே பயணம் செய்து, கோவாவின் வெர்ணாவிலோ கர்நாடகத்தின் சூரத்கல்லிலோ இறங்கி மீண்டும் சாலையைப் பிடிக்கிறார். கொங்கண் ரயில்வே 1999இல் தொடங்கிய ‘ரோ-ரோ’ சேவை இது. டீசலும் டயரும் மிச்சம் என்பர். மழைக்கால மலைச்சாலையில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய ஓட்டுநருக்குக் கிடைக்கும் உறக்கத்தையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

நெடுந்தொலைவுக்கு ரயிலே சிக்கனம் எனில், எல்லாச் சரக்கும் அதில் ஏன் செல்வதில்லை? நிலக்கரியும் சிமெண்டும் ஒரு முழு வண்டியை நிரப்பும்; பத்து டன் துணி அனுப்பும் வணிகரால் அது இயலாது. தவிர, தண்டவாளம் கடை வாசல் வரை வருவதில்லை. இரு முனையிலும் லாரி வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றி ஏற்றும்போதும் கூலியும் சேதமும் கூடும். ரோ-ரோவில் அந்த மாற்றமே இல்லை.

தாத்ரியையும் நவி மும்பைத் துறைமுகத்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட மேற்குச் சரக்குப் பாதையில், மின்கம்பிக்குக் கீழேயே கண்டெய்னர்களை இரண்டடுக்காக ஏற்றிச் செல்கின்றனர். பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் வழக்கமும் அங்கில்லை.

நீர்வழி மெதுவானது. ஹால்தியா முதல் பிரயாக்ராஜ் வரை 1,620 கி.மீ. நீளும் கங்கைத் தடம் 1986இலேயே முதல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கொல்கத்தாவிலிருந்து வாரணாசிக்குக் கண்டெய்னர்கள் படகில் சென்றது 2018இல்தான். கோடையில் ஆழம் குறைந்தால் படகு சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அழுகாத, அவசரமில்லாத சரக்கிற்கே இவ்வழி ஏற்றது.

வழியில் இருக்கும் சரக்கு, வழியில் இருக்கும் பணமே. ரயில்வே ரசீதைப் பொருளின் உரிமை ஆவணமாக 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் ஏற்கிறது. ஆகவேதான் விற்பவர் அதனை உண்டியலுடன் வங்கியில் கொடுத்து, சரக்கு சேருமுன்பே கடன் வசதி பெற முடிகிறது. வாங்குபவர் பணம் செலுத்தியோ உண்டியலை ஏற்றோ ரசீதைப் பெறுகிறார். அத்தகைய வாடிக்கையாளர்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம்: பாதுகாப்பு ரயில் பயணத்துக்கு மட்டுமா, கிடங்கு முதல் கிடங்கு வரையா? லாரிக்கும் ரயிலுக்கும் இடையே, திறந்த முற்றத்தில் மழையில் கிடக்கும் அந்த ஓரிரவும் அதில் அடங்கியிருக்க வேண்டும்.