ஒரே கீதம், இரு வாசிப்பு

ஜெர்மானிய சங்கீத மேதை பாக் 1741ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ என்னும் படைப்பில், ஓர் ஆரம்ப கீதமும் அதிலிருந்து கிளைத்தெழும் 30 உருவபேதங்களும் இருக்கின்றனவேயன்றி, எந்த வேகத்தில், எவ்வளவு மென்மையாக வாசிக்கவேண்டும் என்ற குறிப்பு அநேகமாக இல்லை. அந்த மௌனத்தை நிரப்பும் பொறுப்பு வாசிப்பவரின் இருதயத்தையே சார்ந்தது.

கனடா தேசத்துப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், 1955இல், தமது 22ஆம் பிராயத்தில், தந்தையார் கால்களைக் குறைத்துச் செப்பனிட்டுக் கொடுத்த தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து, நியூயார்க்கில் இதனை ஒலிப்பதிவு செய்தபோது, முழுவதையும் ஏறத்தாழ 38 நிமிஷங்களில் காட்டாறுபோல வாசித்து முடித்தார். 1981இல், அதே நகரத்தில், அதே நாற்காலியில் அமர்ந்து மறுபடி வாசித்தபோதோ 51 நிமிஷங்கள் சென்றன. சில பகுதிகளை இருமுறை வாசித்ததும் அதற்கு ஒரு காரணந்தான். ஆயினும் ஆரம்ப கீதத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். முன்பு இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கிய அது, இப்போது மூன்று நிமிஷம் நீள்கிறது; ஒரு ஸ்வரத்தின் நாதம் தேய்ந்து அடங்குவதை நின்று கவனித்த பிறகே, விரல் அடுத்த ஸ்வரத்தைத் தொடுகிறது. உள்ளத்தை உருக்குவது இந்த இரண்டாம் வாசிப்பே. தம்மையறியாமல் கூடவே முணுமுணுக்கும் அவருடைய குரலும் அதில் மெல்லக் கேட்கிறது. மறு வருஷம் அக்டோபரில், 50ஆம் வயதில், கூல்ட் காலமானார்.