அகதிச் சிறுமி முதல் ஒஸ்கார் பட்டியல் வரை

'றப்' எனும் இசையைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர். பெற்றோர் பலர் அதனை வெறும் இரைச்சல் என ஒதுக்குகின்றனர். ஆயினும் றப் அடிப்படையில் ஒரு சொற்கலையாகும். இராகத்தை நீட்டிப் பாடாது, தாளத்தின்மீது சொற்களை அடுக்கி, விரைந்தும் நிறுத்தியும் உரைப்பதே அதன் இயல்பு. அடிகளின் இறுதியில் ஒத்தொலிக்கும் சொற்களை அது பெரிதும் நாடும். நம் யாப்பிலக்கணம் 'இயைபு' எனக் கூறுவதும் இதனையே. இச்சொற்கலையில் தேர்ந்து, திரைப்படப் பாடலாசிரியராகவும் உலகறியப் பெற்ற தமிழ்ப்பெண் ஒருவரின் பயணத்தை ஈண்டு நோக்குவோம்.

எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் அறியப்படும் மாதங்கி 'மாயா' அருட்பிரகாசம் 1975ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கையிலேயே குடும்பத்தினருடன் யாழ்ப்பாணம் சென்றார். தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். ஆதலால் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புப் பெரும்பாலும் தாய் கலாவையே சார்ந்தது. போர்ச் சூழலால் இடம்பெயர்ந்து, சென்னையிலும் சிலகாலம் வாழ்ந்து, 1986இல் அகதிகளாக இலண்டனை அடைந்தனர். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். ஏறத்தாழப் பதினொரு வயதில் ஆங்கிலம் கற்கத் தொடங்கிய அச்சிறுமியே பிற்காலத்தில் அம்மொழியில் புதுப்பாட்டு இயற்றினார் என்பது நம் மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இலண்டன் சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் அவர் பயின்றது இசையன்று, திரைப்படக் கலையே. பின்னர் 'எலாஸ்ரிக்கா' இசைக்குழுவின் பயணத்தை ஒளிப்பதிவு செய்யச் சென்றவேளை, தாளங்களை உருவாக்கும் சிறு மின்னிசைக் கருவியொன்று அவருக்கு அறிமுகமாயிற்று. அக்கருவியைக் கொண்டு தாமே தாளம் அமைத்துச் சொற்களையும் இயற்றினார். 2003இல் வெளிவந்த 'கலாங்' என்னும் பாடல் அவருக்கு வழி திறந்தது. 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்கு 'அருளர்' எனத் தந்தையின் பெயரையும், 2007இல் வந்த இரண்டாவதற்குக் 'கலா' எனத் தாயின் பெயரையும் சூட்டினார். 2013இல் வெளியான தொகுப்பு அவர்தம் பெயராகிய 'மாதங்கி'யையே தாங்கியது.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவிற்குள் நுழைய அவருக்கு விசா மறுக்கப்பட்டது. அத்தடையே அவரைப் பல நாடுகளுக்கு இட்டுச்சென்றது. சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தையும் பயன்படுத்தினார். நம் கிராமத்து உறுமி மேளம் 'கலா' தொகுப்பின் பாடல்களில் ஒலிப்பதற்கு இப்பயணமே காரணமாயிற்று.

அத்தொகுப்பில் பெரும்புகழ் ஈட்டிய பாடல் 'பேப்பர் பிளேன்ஸ்' என்பதாகும். அதில் துப்பாக்கி வெடியோசையும், கடைகளில் காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் கேட்கும். வன்முறையைப் போற்றும் பாடல் எனச் சிலர் மயங்கினர். உண்மையில் குடிபெயர்ந்து வருவோரைப் பணம் பறிக்க வந்தவராகக் காணும் பார்வையை எள்ளி நகையாடுவதே அதன் கருத்து. சங்கப் பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என வருவதை நம் மாணவர்கள் கற்றிருப்பர். அங்கே பேசுபவர் புலவர் அல்லர். அதுபோன்றே றப் பாடலிலும் பாடுபவர் வேறொருவராக நின்று பேசுதல் உண்டு. கூற்று யாருடையது என வினவாதவர்க்குப் பாட்டின் பொருள் மாறுபட்டே தோன்றும்.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். டானி போயில் இயக்கி 2008இல் வெளிவந்த 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் மாயாவின் பாடல்கள் இரண்டு இடம்பெற்றன. ஒன்று முன்னரே புகழ்பெற்றிருந்த 'பேப்பர் பிளேன்ஸ்'. சகோதரச் சிறுவர் இருவர் தொடருந்துகளில் ஊர் ஊராகத் திரியும் காட்சிகளுக்கு அது எடுத்தாளப்பட்டது. மற்றொன்று ரகுமானுடன் சேர்ந்து அப்படத்திற்கெனவே ஆக்கிய 'ஓ... சாயா'. காவலர் துரத்தச் சிறுவர்கள் மும்பைச் சேரியின் சந்துகளூடே ஓடும் தொடக்கக் காட்சியில் அது ஒலிக்கிறது.

இவ்வேறுபாடு முக்கியமானது. தம் இசைத்தொகுப்புக்கு எழுதும்போது கலைஞர் தம் மனம்போல் எழுதலாம். திரைப்படத்திற்கு எழுதும்போது காட்சியின் வேகம், பாத்திரத்தின் நிலை, இயக்குநரின் நோக்கம், இசையமைப்பாளரின் மெட்டு ஆகிய யாவற்றிற்கும் சொற்கள் இணங்குதல் வேண்டும். சிறந்த பாடலுக்கான ஒஸ்கார் விருதும், திரைப்படத்திற்கெனப் புதிதாக ஆக்கப்பட்ட பாடலுக்கே உரியது. எனவேதான் முன்னரே வெளிவந்த பாடல் அதற்குத் தகுதிபெறவில்லை. 'ஓ... சாயா' தகுதிபெற்றது. 2009இல் அவ்விருதுக்கு முன்மொழியப்பட்ட பாடல்கள் மூன்றே. அவற்றுள் இதுவும் ஒன்று. விருதினை அதே படத்தின் 'ஜெய் ஹோ' வென்றது. அதுவும் ரகுமானின் இசையில் அமைந்ததே. 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலோ அவ்வாண்டு கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது. கிராமி விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையேறிய மாயா, மூன்று நாள்களில் மகனை ஈன்றார்.

2019இல் பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.ஈ. விருதினை அறிவித்தது. அத்தகைய அரச பதக்கங்களைத் தம் தாய் நெடுங்காலம் கையால் தைத்து வந்தவர் என்பதை அப்போது மாயா பெருமையுடன் வெளியிட்டார்.

அவருடைய அரசியற் கருத்துகள் யாவற்றையும் எல்லோரும் ஏற்கவேண்டும் என்பதில்லை. எனினும் புதியமொழி கற்றபின்னும் பெற்றோர் பெயரையும் உறுமியின் ஒலியையும் அவர் கைவிடவில்லை. அவையே அவரது பாட்டிற்குத் தனித்தன்மை தந்தன. மாணவர்களே, இரு மொழிகள் வாய்க்கப்பெற்ற நீங்கள் இரண்டையும் செவ்வனே கற்பீராக. பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் பாட்டினைத் தள்ளுமுன் ஒருமுறை அவர்களுடன் அமர்ந்து, அதன் சொற்களுக்கும் செவிசாய்ப்பீராக.