வாளை மீன்: எடையோடு நீளத்தையும் பாருங்க!



மேட்டூர் அணைப் பகுதியிலும் காவிரிக் கரையிலும் நம் உறுப்பினர்கள் பலர் குழுக் கடன் வாங்கி மீன் வியாபாரம் செய்கிறீர்கள். "முன்ன மாதிரி பெரிய வாளை வர்றதில்ல, வர்றதும் ஒல்லியா இருக்கு" என்று கூட்டங்களில் சொல்கிறீர்கள். ஏன் என்று தெரிந்துகொண்டால் நம் கைமுதலுக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது.

வாளை எதைத் தின்னும்?

வாளை, கெளுத்தி வகையைச் சேர்ந்த மீன். செதில் கிடையாது. இரண்டு ஜோடி மீசை உண்டு. வாய் கண்ணையும் தாண்டி அகலமாகப் பிளந்திருக்கும். பகலில் ஆழமான இடத்தில் பதுங்கி, இரவில் இரை தேடும். குஞ்சாக இருக்கும்போது பூச்சி, சின்ன இறால் தின்னும். வளர்ந்த பிறகு சிறு மீன்கள்தான் முக்கிய உணவு. தன் இனத்துக் குஞ்சையே விழுங்குவதும் உண்டு. கொசுவலை மாதிரி சின்னக் கண் வலை போட்டு அரித்தால் வாளைக் குஞ்சும் போகும், வாளையின் சாப்பாடும் போகும்.

வளர்ச்சிக் கணக்கு

40 செ.மீ. நீள வாளை சுமார் 400 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மீன் 80 செ.மீ. வளர்ந்தால் எடை 800 கிராம் அல்ல, ஏறக்குறைய 3 கிலோ 200 கிராம்! நீளம், உயரம், தடிமன் மூன்றுமே இரண்டு மடங்காவதால் எடை எட்டு மடங்காகிறது. சின்னதிலேயே பிடித்து விற்றால் எவ்வளவு நஷ்டம் பாருங்க.

உடல் தேறியிருக்கிறதா?

அங்கன்வாடியில் குழந்தையின் எடையை மட்டுமா பார்க்கிறார்கள்? உயரத்தையும் அளக்கிறார்கள் இல்லையா? மீனுக்கும் அப்படித்தான். கிராம் எடையை 100-ஆல் பெருக்கி, நீளத்தை மூன்று முறை பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 40 செ.மீ., 400 கிராம் மீனுக்கு 0.63 வரும். அதே நீளத்தில் 320 கிராம் என்றால் 0.50தான். இரண்டாவது மீன் இரை கிடைக்காமல் மெலிந்திருக்கலாம், அல்லது முட்டையிட்டு ஓய்ந்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

* வாளையை வாளையோடு மட்டும் ஒப்பிடுங்கள். கட்லா உடல்வாகு வேறு.
* வயிறு நிறைய சினையோ இரையோ இருந்தாலும் எடை கூடும்.
* ஒரு மீனை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல மீன்களைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

மழைக்காலப் புது வெள்ளத்தில்தான் வாளை முட்டையிடும். அந்தச் சமயத்தில் சினை வாளையையும், எப்போதுமே குஞ்சு வாளையையும் வாங்குவதில்லை என்று குழுவில் தீர்மானம் போடலாம். நாம வாங்கலேன்னா பிடிக்கிறவங்களும் யோசிப்பாங்க. 2019-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வாளையை அழியும் ஆபத்துள்ள மீன்களில் சேர்த்தது. இது விளையாட்டான விஷயம் இல்லை.

கொள்முதல் நோட்டில் எடைக்குப் பக்கத்தில் 'நீளம்' என்று ஒரு கட்டம் போடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை தையல் டேப்பால் அளந்தால் போதும். நோட்டை மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கணக்கை நாம் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.